சொந்தமாக நடத்தும் சிறு தொழில் நல்ல விலைக்குக் கைமாற என்ன வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலாளியே முன்னால் நின்று நடத்தும் தொழில்களைப் பற்றிய பக்கம் இது. நாளைக்கே விற்கப் போகிறவரும் படிக்கலாம், விற்கும் எண்ணமே இல்லாதவரும் படிக்கலாம். உண்மையில் இரண்டாமவருக்குத்தான் இது அதிகம் பயன்படும். அவர் கையில் இன்னும் நேரம் இருக்கிறது.

வாங்க வருபவர் எதற்குப் பணம் தருகிறார்?

நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு அந்தத் தொழிலில் வரப்போகும் லாபத்துக்கு. இத்தனை வருடம் பட்ட பாட்டுக்கென்று யாரும் தனியாக விலை போடுவதில்லை. பழைய கணக்குகளைப் புரட்டுவதுகூட "இது இனிமேலும் வருமா?" என்பதற்கு ஆதாரம் தேடத்தான்.

ஆக, விலையை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. வருடத்துக்கு லாபம் எவ்வளவு என்பது ஒன்று. அந்த லாபம் தொடரும் என்று முன்பின் தெரியாத ஒருவர் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது இன்னொன்று. பெரும்பாலான முதலாளிகள் முதலாவதோடுதான் காலமெல்லாம் மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டாவதைக் கவனித்து வைத்தவருக்கு அதே லாபத்துக்கே கூடுதல் விலை கிடைக்கிறது.

டர்ன்ஓவர் பெரிதாக இருந்தால் விலை கூடாதா?

தானாகக் கூடாது. விற்பனை இரட்டிப்பாகி, லாபம் அப்படியே நின்றிருந்தால் வாங்குபவர் கண்ணுக்கு வேலையும் கடன் பாக்கியும்தான் இரட்டிப்பாகத் தெரியும்.

விலையை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

சிறு தொழில்களில் பரவலாக உள்ள முறை: சரிசெய்யப்பட்ட ஒரு வருட லாபம், அதை இத்தனை மடங்கு. சிக்கல் "சரிசெய்யப்பட்ட" என்ற சொல்லில் இருக்கிறது. ஓர் உதாரணம்.

கணக்கில் காட்டிய லாபம் 100. முதலாளி சம்பளமாக எடுத்தது 20. அவர் செய்யும் வேலைக்கு வெளியிலிருந்து ஒரு மேலாளரை வைத்தால் 60 ஆகும். தொழில் நடப்பது முதலாளியின் சொந்தக் கட்டடத்தில், அதனால் வாடகை எழுதுவதில்லை. சந்தை வாடகை 15. அந்த வருடம் ஒரு வழக்குக்காக 10 செலவானது, அது மறுபடி வராது. குடும்பக் காரின் செலவு 5 தொழில் கணக்கில் ஏறியிருக்கிறது.

ஆள் வைத்து நடத்த நினைக்கும் முதலீட்டாளர் இதை எப்படிப் படிப்பார்? 100-உடன் எடுத்த சம்பளம் 20, வழக்குச் செலவு 10, கார் செலவு 5 ஆகியவற்றைக் கூட்டுவார். மேலாளர் சம்பளம் 60, வாடகை 15 இரண்டையும் கழிப்பார். மிச்சம் 60. மூன்று மடங்கு தருகிறார் என்றால் விலை 180.

தானே வந்து உட்கார்ந்து நடத்த நினைப்பவர் வேறு மாதிரி படிப்பார். தனக்குத்தானே சம்பளம் கழிக்க மாட்டார். அவருக்கு அதே தொழில் 120 ஈட்டுகிறது. ஆனால் அந்த 120-க்குள் அவருடைய ஒரு வருட உழைப்பும் அடங்கியிருப்பதால் மடங்கைக் குறைப்பார். ஒன்றரை மடங்கு என்றால் அதே 180.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "பக்கத்து ஆள் மூன்று மடங்குக்கு விற்றார், எனக்கு ஒன்றரைதான் சொல்கிறார்கள்" என்ற மனத்தாங்கலில் பாதி இங்கேதான் பிறக்கிறது. மடங்கை மட்டும் கேட்டால் போதாது, எந்த லாபத்தின் மேல் எத்தனை மடங்கு என்று கேட்க வேண்டும். (இந்த மடங்குகள் கணக்குக்காக வைத்தவை. தொழிலுக்குத் தொழில், காலத்துக்குக் காலம் மாறும்.)

இன்னொன்றையும் பாருங்கள். முதலீட்டாளரின் கணக்கில் விலையை 240 ஆக்க லாபத்தை 60-லிருந்து 80-க்கு உயர்த்த வேண்டும். அல்லது லாபம் 60-லேயே நிற்க, மடங்கு மூன்றிலிருந்து நான்காக வேண்டும். முதல் வழிக்குப் புதிய வியாபாரம் பிடிக்க வேண்டும். இரண்டாவது வழி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே செய்து முடிக்கக்கூடிய வேலை. கீழே வரும் கேள்விகளில் அநேகம் அதைப் பற்றியவை.

"நான் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது." இது பலமா, பலவீனமா?

நடத்தும் வரைக்கும் பலம். விற்க வரும்போது விலையை உடைக்கும் முதல் காரணம் இதுவே. அமெரிக்க வருமான வரித் துறை 1959-இல் வெளியிட்ட, பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனங்களை மதிப்பிடுவதற்கான 59-60 என்ற வழிகாட்டு உத்தரவு இதை நேரடியாகவே சொல்கிறது: தனி ஆளை நம்பி நடக்கும் தொழிலில் அந்த ஆள் போய்விட்டால் பங்கின் மதிப்பு அடிவாங்கலாம் என்று. வரி வசூலிப்பவரே "இதற்குக் கொஞ்சம் குறைத்துப் போடலாம்" என்று ஒத்துக்கொண்ட விஷயம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? அச்சிட்ட அட்டைப்பெட்டி செய்து தரும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளர் போனில் கேட்கிறார்: இந்த அளவு, இரண்டு நிறம், ஐயாயிரம் பெட்டி, என்ன விலை? முதலாளி கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார். அந்த நொடியில் அவர் மனதில் ஓடியவை: தாளில் எவ்வளவு வெட்டில் வீணாகும், இந்த நிறத்துக்கு மெஷினைக் கழுவ எவ்வளவு நேரம் பிடிக்கும், இந்த ஆள் பணத்தை எத்தனை நாள் இழுத்தடிப்பார், போன தடவை அவரிடம் எவ்வளவு குறைத்தோம், இந்த வாரம் மெஷின் சும்மா இருக்கிறதா இல்லையா. எதுவும் எங்கேயும் எழுதியில்லை. மேலாளரிடம் கேட்டால் "அதெல்லாம் முதலாளிதான் சொல்வார்" என்பார். வாங்க வந்தவர் இந்தப் பதிலைக் கேட்டதுமே மனதுக்குள் மடங்கைக் குறைத்துவிடுவார். மெஷினை வாங்கலாம், அந்த மனக்கணக்கை எப்படி வாங்குவது?

அந்த மனக்கணக்கைத் தொழிலுக்கு எப்படி மாற்றுவது?

பெரிய கையேடு எழுத உட்கார வேண்டாம். எழுதி முடிக்கப்பட்ட கையேடுகளைவிடப் பாதியில் நின்றவைதான் அதிகம், முடித்தவற்றையும் யாரும் பிரிப்பதில்லை. உங்களைத் தேடி வரும் கேள்விகளைக் கொஞ்ச நாள் குறித்துவையுங்கள், அது போதும். யார் கேட்டார், என்ன கேட்டார், என்ன சொன்னீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். விலை சொல்வது, தள்ளுபடி கொடுப்பது, கடன் கொடுப்பது, சரக்கு ஆர்டர் போடுவது, புகாரைத் தீர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு வையுங்கள்: இந்தத் தொகை வரை மேலாளரே முடிவெடுக்கலாம், அதற்கு மேல் என்னிடம் வரட்டும்.

மேலே சொன்ன பட்டறையில் இது ஓர் எக்செல் தாளாக இருக்கலாம். தாள் அளவு, வீண் சதவீதம், நிறத்துக்கு இவ்வளவு நேரம், கடன் நாளுக்கு ஏற்ற கூட்டல். முதலாளி மனதில் சொல்லும் விலையும் தாள் சொல்லும் விலையும் முதலில் ஒத்துப்போகாது. எங்கே ஒத்துப்போகவில்லை என்று தேடிச் சரிசெய்வதுதான் உண்மையான வேலை. எந்த வேலையில் இத்தனை நாளும் லாபமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தோம் என்பதும் அப்போதுதான் வெளியே வரும்.

பிறகு ஒரு சோதனை. ஒரு மாதம் விலகி இருங்கள், போனும் இல்லாமல். அந்த மாதத்து விற்பனையும் வசூலும் புகாரும் கணக்கில் பதிவாகும். எந்தப் பேச்சையும்விட வாங்குபவரிடம் அது எடுபடும்.

ஒரே பெரிய கஸ்டமர் இருப்பது நல்லதுதானே? நிலையான ஆர்டர் ஆயிற்றே?

கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். விற்பனை 100. சரக்கு போன்ற, விற்பனையோடு ஏறி இறங்கும் செலவு 45. வாடகை, சம்பளம் போன்ற நிலையான செலவு 40. லாபம் 15. இதில் ஒரே கஸ்டமர் 40 தருகிறார், ஒரு நாள் போய்விடுகிறார். விற்பனை 60, ஏறி இறங்கும் செலவு 27, நிலையான செலவு அதே 40. இப்போது 7 நஷ்டம். விற்பனையில் நாற்பது சதவீதம் போனால் லாபத்தில் நாற்பது சதவீதம் போகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மொத்த லாபமும் போய், கைக்காசும் போகிறது.

வாங்குபவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வரமாட்டார். அந்தப் பெரிய கஸ்டமர் உங்கள் பள்ளித் தோழர் என்றால் இன்னும் சிக்கல், தோழமை கைமாறாது. அவரை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. எழுத்தில் ஒப்பந்தம், உங்களைத் தவிர இன்னொருவருக்கும் அவர்கள் பக்கத்தில் நேரடித் தொடர்பு, மற்ற கஸ்டமர்களை வளர்த்து இவருடைய பங்கை மெல்லக் குறைப்பது, இந்த மூன்றும் நடக்கட்டும். சப்ளையர் விஷயத்திலும் இதே கதைதான். ஒரே இடத்திலிருந்து, அதுவும் முகதாட்சண்யத்துக்காகக் கிடைக்கும் கடன் தவணை, புது முதலாளிக்குக் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

வருட ஒப்பந்தம், பராமரிப்பு ஒப்பந்தம், மாதச் சந்தா இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டா?

உண்டு. ஒவ்வொரு மாதமும் பூஜ்ஜியத்தில் தொடங்கும் தொழிலையும், முதல் தேதியிலேயே பாதி வருமானம் நிச்சயம் என்ற தொழிலையும் யாரும் ஒரே விலைக்குக் கேட்பதில்லை. எத்தனை பேர் புதுப்பிக்கிறார்கள், எத்தனை பேர் விட்டுப் போகிறார்கள் என்ற பதிவும் கூடவே வேண்டும். அது இல்லாவிட்டால் சந்தா என்பது வெறும் சொல்.

ஒப்பந்தத் தாளில் ஒரு பத்தியைத் தேடிப் படியுங்கள்: உரிமையாளர் மாறினால் என்ன ஆகும்? எதிர்த் தரப்பு அப்போது விலகிக்கொள்ளலாம் என்றிருந்தால் வாங்குபவர் அந்த ஒப்பந்தத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் போகலாம். விற்கும் நேரத்தில் போய்த் திருத்தச் சொன்னால் எதிர்த் தரப்புக்குப் பிடி கிடைத்துவிடும். அடுத்த புதுப்பித்தலின்போது சத்தமில்லாமல் மாற்றுவது சுலபம்.

கணக்கில் வராத ரொக்க வருமானத்தை வாங்குபவரிடம் தனியாகச் சொல்லலாமா?

சொல்லலாம், காசு வராது. வாங்குபவருக்கு வங்கி கடன் தரப்போவது கணக்கில் உள்ள லாபத்தைப் பார்த்துத்தான். வரித் துறையிடம் ஒரு கணக்கும் உங்களிடம் ஒரு கணக்கும் என்று நீங்களே சொன்ன பிறகு, அவர் உங்களுடைய மற்ற எண்களை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? மறைத்த ஒவ்வொரு தொகையிலும் மிச்சமான வரி ஒரு தடவைக்கு. விலையில் போவது மடங்குக் கணக்கில். சட்டத்தில் அது குற்றம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மெஷின், சரக்கு, இடம் இவற்றின் மதிப்பு?

நல்ல நிலையில் ஓடும் மெஷினின் மதிப்பு பெரும்பாலும் லாபத்துக்குள்ளேயே அடங்கிவிடும், தனியாக மேலே சேராது. ஆனால் பழுதான மெஷின் நிச்சயமாகக் கழியும். விற்பதற்கு முந்தைய இரண்டு மூன்று வருடம் பராமரிப்பை நிறுத்தி லாபத்தைக் கூட்டிக் காட்டுவது பழைய தந்திரம். பராமரிப்புச் செலவு சட்டென்று விழுந்த வருடத்தைத்தான் முதலில் தேட வேண்டும் என்று வாங்குபவரின் ஆடிட்டருக்கும் தெரியும். விற்காத சரக்கு அலமாரியில் தூசி படிந்து கிடந்தால் அதை இப்போதே தள்ளிவிட்டு நஷ்டத்தை எழுதிவிடுங்கள்.

இடம்தான் கவனிக்க வேண்டியது. வாடகை இடத்தில் நடக்கும் தொழிலில், குறிப்பாகக் கஸ்டமர் நேரில் வரும் தொழிலில், வாடகை ஒப்பந்தம்தான் பாதித் தொழில். இன்னும் எத்தனை வருடம் மிச்சம், புதுப்பிக்கும் உரிமை யாருக்கு, புது முதலாளி பெயருக்கு மாற்ற இடத்துக்காரர் சம்மதம் வேண்டுமா, வாடகை எந்தக் கணக்கில் ஏறும். பதினோரு மாதத்தில் முடியப்போகும் ஒப்பந்தத்தோடு ஐந்து வருட லாபத்தை விற்க முடியாது. கட்டடம் உங்களுடையதே என்றால், தொழிலுக்கும் உங்களுக்கும் இடையே முறையான வாடகை ஒப்பந்தம் போட்டு, சந்தை வாடகையை இப்போதிருந்தே எழுதி வாருங்கள். மேலே பார்த்த உதாரணத்தில் 15 கழிந்தது இதனால்தான்.

எங்கள் பெயருக்கு ஒரு மதிப்பு இருக்கிறதே, அதை எப்படி விற்பது?

குட்வில், அதாவது தொழிலின் நற்பெயருக்கு உள்ள மதிப்பு, பழைய கேள்வி. 1810-இல் இங்கிலாந்தில் க்ரட்வெல் எதிர் லை என்ற வழக்கில் எல்டன் பிரபு அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே வருவார்கள் என்ற சாத்தியம், அவ்வளவுதான். இன்றைக்கு "இடம்" என்பதில் போன் நம்பர், இணைய முகவரி, மேப்பில் உள்ள பதிவு, அதன் கீழுள்ள மதிப்புரைகள் எல்லாம் அடக்கம். இவை யார் பெயரில் இருக்கின்றன என்று பார்த்தீர்களா? கஸ்டமர் எல்லோரும் கூப்பிடும் நம்பர் முதலாளியின் சொந்த சிம். டொமைன் எப்போதோ வெப்சைட் செய்து கொடுத்த பையனின் கணக்கில். கஸ்டமர் பட்டியல் முழுக்க முதலாளியின் வாட்ஸ்அப்பில், கல்யாண வாழ்த்துகளுக்கு நடுவே. இதையெல்லாம் தொழிலின் பெயருக்கு மாற்றப் பெரிய செலவில்லை. வணிகக் குறியை வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்வதும் அப்படியே.

தொழிலின் பெயரே உங்கள் சொந்தப் பெயராக இருந்தால், விற்ற பிறகும் அந்தப் பெயர் அங்கேயே இருக்கும், அதை வைத்து நீங்கள் இன்னொன்று தொடங்க முடியாமல் போகலாம் என்பதை முன்கூட்டியே யோசித்துவிடுங்கள்.

விற்றவர் மறுநாளே எதிர்க்கடை போட்டால்? 1896-இல் ட்ரெகோ எதிர் ஹன்ட் வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை ஒரு கோடு போட்டது: குட்வில்லை விற்றவர் போட்டித் தொழில் தொடங்கலாம், ஆனால் பழைய வாடிக்கையாளர்களைத் தேடிப் போய் இழுக்கக் கூடாது. வாங்குபவருக்கு இது போதாது. அதனால் இத்தனை வருடம், இந்த எல்லைக்குள் இதே தொழில் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்குவார். எவ்வளவு தூரம் அது செல்லும் என்பது நாட்டுக்கு நாடு வேறு, வழக்கறிஞரைக் கேளுங்கள். கையெழுத்துப் போட மனமில்லை என்றால் குட்வில்லுக்கு விலை எதிர்பார்க்காதீர்கள்.

வேலையாட்கள் இருப்பார்களா என்று கேட்டால்?

முக்கியமான இரண்டு மூன்று பேருக்காவது எழுத்தில் வேலை ஒப்பந்தமும் சந்தைச் சம்பளமும் இருக்கட்டும். சம்பளம் வாங்காமல் உதவும் மனைவி, கணவர், தம்பி எல்லோரும் நீங்கள் போகும்போது சேர்ந்து போய்விடுவார்கள். அவர்கள் வேலைக்கும் வாங்குபவர் சம்பளம் கழிப்பார்.

நிறுவனத்தை அப்படியே விற்பதா, தொழிலை மட்டும் விற்பதா?

பங்குகளை விற்றால் நிறுவனம் அப்படியே கைமாறும். ஒப்பந்தமும் உரிமமும் பெரும்பாலும் அதோடு போகும், பழைய வரிப் பாக்கியும் வழக்கும்கூடப் போகும். அதனால் வாங்குபவர் பயப்படுவார். மெஷின், பெயர், கஸ்டமர் என்று சொத்துகளை மட்டும் விற்றால் அந்தப் பயம் குறையும், ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் உரிமத்தையும் தனித்தனியே மாற்ற வேண்டும். உரிமம் உங்கள் சொந்தத் தகுதியின் பேரில் தரப்பட்டது என்றால் மாற்றவே முடியாமலும் போகலாம். வரி இரண்டுக்கும் வேறு. தனிநபர் பெயரில் நடக்கும் தொழிலுக்கு முதல் வழி இல்லை.

பேசிய விலை முழுதும் கைக்கு வருமா?

பல நேரம் வராது, குறைந்தபட்சம் அன்றைக்கே வராது. ஒரு பகுதி தவணையில் வரும், அதாவது வாங்குபவருக்கு நீங்களே கடன் கொடுக்கிறீர்கள். இன்னொரு பகுதி, விற்ற பிறகும் லாபம் இன்ன அளவு இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு வரும். இந்த இரண்டாவது வகையில் ஒரு சங்கடம் உண்டு. ஸ்டியரிங் அவர் கையில், கூலி உங்களுக்கு. லாபம் என்று எதைச் சொல்கிறோம், எந்தச் செலவெல்லாம் அதில் கழியும் என்று எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்தால் லாபத்தை விட்டு விற்பனையை அளவுகோலாக வையுங்கள், அதில் விளையாடுவது கொஞ்சம் கடினம்.

நடைமுறை மூலதனத்திலும், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவையான சரக்கு, பாக்கி, ரொக்கம் ஆகியவற்றிலும், கடைசி நேர இழுபறி வரும். சப்ளையருக்குக் கொடுக்காமல் நிறுத்தி, வசூலை முடுக்கி, வங்கி இருப்பைக் காலி செய்துவிட்டுச் சாவி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் வழக்கமான அளவு சரக்கும் பாக்கியும் தொழிலிலேயே விட்டுச் செல்ல வேண்டும், குறைந்தால் விலையில் கழியும் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள்.

எவ்வளவு முன்னால் தயாராக வேண்டும்?

வாங்குபவர்கள் சாதாரணமாகக் கேட்பது மூன்று வருடக் கணக்கு. ஆகவே இன்று செய்யும் திருத்தம் முழுதாகத் தெரிய மூன்று வருடம். கடைசி ஆறு மாதத்தில் செய்வதெல்லாம் வீட்டை விற்கும் முன் வெள்ளையடிப்பது போலத்தான்: அழகாக இருக்கும், ஆனால் விரிசல் எங்கே என்றுதான் பார்க்கத் தோன்றும். புது வெப்சைட், புதுப் பெயர்ப்பலகை, அவசரமாக வைத்த மேலாளர், எல்லாம் அந்த வகை. குறிப்பாக அந்த மேலாளர். அவர் சம்பளம் லாபத்தில் கழிந்திருக்கும், அவர் தனியாக நடத்திக் காட்டியதற்கோ ஆதாரம் இருக்காது.

எல்லாத் தொழிலுக்கும் விலை உண்டா?

இல்லை. ஒரே ஆளின் கைத்திறனையோ படிப்பையோ முகத்தையோ நம்பி நடக்கும் சில தொழில்களில், மேலே சொன்ன முறையில் லாபத்தைச் சரிசெய்தால் மிச்சம் பூஜ்ஜியமாகவோ அதற்குக் கீழாகவோ இருக்கும். அதாவது அது ஒரு நல்ல வேலை, நல்ல சம்பளம், வேலையை யாருக்கும் விற்க முடியாது. அங்கே யோசிக்க வேண்டியது வேறு. அதே துறையில் உள்ள இன்னொருவரிடம் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்து ஒப்படைக்கலாம். அவர்களிடமிருந்து வரும் வருமானத்தில் இத்தனை மாதத்துக்கு ஒரு பங்கு என்று பேசிக்கொள்ளலாம். அல்லது இளையவர் ஒருவரைப் பங்காளியாகச் சேர்த்து, சில வருடங்களில் அவர் பங்கைக் கூட்டி, லாபத்திலிருந்தே அவர் உங்களுக்குப் பணம் தீர்க்கும்படி செய்யலாம். இரண்டும் வேண்டாமென்றால் நடக்கும் வரை நடத்தி, வருகிற லாபத்தை வெளியே எடுத்து வேறு இடத்தில் சேமித்து, கடைசியில் மெஷினையும் சரக்கையும் விற்று மூடிவிடலாம். விற்பனைக்கென்று தரகருக்கும் ஆடிட்டருக்கும் வழக்கறிஞருக்கும் கொடுக்கும் பணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், சிலருக்கு இதுவே அதிக மிச்சம் தரும்.